மைனி கோத்த பனிப்பூ

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. சம்பந்தி வீட்டுக்கும் பிள்ளைகளுக்கும் கடிதம் எழுதியதைத் தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள், முகம் தெரியாத எத்தனையோ பேர் படிக்கக்கூடும் என்ற இடத்தில் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். நான் எழுதப் போவது என் அண்ணன் மனைவியைப் பற்றி. அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மைனி என்போம். எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன். "என்னத்தை எழுதப் போற பிள்ளே? நாலு மணியைக் கோத்தேன், அதையா?" என்றாள். அதைத்தான் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளிடம் அது சம்மதம்.

என் நினைவில் முதலில் வருவது ஒரு சத்தம். துருப்பிடித்த பிஸ்கட் டப்பா ஒன்றை மைனி சுளகின், அதாவது முறத்தின், மேல் கவிழ்க்கிறாள். உள்ளேயிருந்து கண்ணாடி மணிகள் கொட்டுகின்றன. ஓட்டின் மேல் திடீரென்று மழை இறங்கியது போல இருக்கிறது. அடுக்களையிலிருந்து அம்மா, அரிசிதான் சிந்திவிட்டதோ என்று ஓடி வருகிறாள். சுளகு நிறைய வெள்ளை மணி, நடுநடுவே நீலம், அங்கங்கே பச்சை. சில கடுகளவு, சில மிளகளவு, சில நகத்தின் நீளத்துக்குக் குழல் போல. மலையாள ராஜ்யத்தில் இருந்த எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு இரண்டு வருஷம் முன்பு, ஒரு புரட்டாசி மாதம் அது. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிப் பதினைந்து நாள் ஆகியிருந்தது.

அந்த மணிகள் ஒரு காலத்தில் பங்களா ஒன்றில் வாசல் திரையாகத் தொங்கியவை. அங்கே இருந்த வெள்ளைக்காரக் குடும்பம், சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் கப்பலேறியபோது சாமான்களையெல்லாம் ஏலம் போட்டார்கள். ஆளுக்கொரு நாற்காலியும் அலமாரியும் வாங்கிப் போனார்கள். அறுந்து கிடந்த மணித்திரையை மட்டும் யாரும் கேட்கவில்லை. மைனி அப்போது பெண்களுக்கான போர்டிங் பள்ளியில் தையல் வகுப்புக்கு உதவியாக இருந்தாள். தாய் தகப்பன் இல்லாமல் அங்கேயே வளர்ந்தவள். குப்பையோடு போகவிருந்த திரையைக் கேட்டு வாங்கி, டப்பாவில் அடைத்து வைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவள் கொண்டுவந்தது நாலு சேலை, ஒரு வேதப்புத்தகம், இந்த டப்பா. கழுத்தில் தாலி தவிர வேறொன்றும் இல்லை. டப்பாவுக்குள் நகையாக்கும் என்று ஆசையோடு திறந்து பார்த்த அம்மாவின் முகம் எப்படி மாறியது என்று மைனி பிற்பாடு நடித்துக் காட்டுவாள். அம்மாவுக்கு முன்னாலேயே நடித்துக் காட்டுவாள். சிரிக்கும்போது வாயைத் திறக்கமாட்டாள். தோள் மட்டும் குலுங்கும்.

இரவல் நகையைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. எங்கள் ஊரில் கல்யாணப் பெண்ணுக்கு இரவல் நகை பூட்டுவது வழக்கம். பூட்டும்போது யாருக்கும் வெட்கமில்லை. வெட்கமெல்லாம் கழற்றும்போதுதான். எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கென்று ஓர் அட்டியல் இருந்தது. கழுத்தை ஒட்டிக் கிடக்கும், சிவப்புக் கல் பதித்தது. அப்பாவின் அண்ணன் மனைவியான எங்கள் பெரியம்மையுடைய அட்டியல் அது. யாரும் கேட்கவேண்டியதில்லை. கைக்குட்டையில் முடிந்து மடியில் செருகிக்கொண்டு, பெண்ணை அலங்கரிக்கும் அறைக்குப் பெரியம்மைதான் முதல் ஆளாக வருவாள். என் அக்காவின் கல்யாணத்துக்கும் வந்தாள். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்பட அக்கா காரில் ஏறி உட்கார்ந்த பிறகு, கதவு வழியாகக் கையை விட்டு, எல்லாரும் பார்க்க அவள் கழுத்திலிருந்து அட்டியலைக் கழற்றினாள். திருகு இறுகியிருந்தது. "அனங்காம இரிட்டி" என்று அக்காவின் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். மாப்பிள்ளை தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா நன்றாகப் பார்த்தார். அக்கா பிற்பாடு ஒரு பாத்திரத்தைக் கை தவறவிட்டால்கூட, "பாத்து மக்கா, இதும் இரவலோ என்னமோ" என்பாராம். வருஷக்கணக்காகச் சொன்னாராம்.

வீட்டில் என்னை வாயில்லாப் பூச்சி என்பார்கள். வேண்டியதைக் கேட்கவும் மாட்டேன், வேண்டாததை மறுக்கவும் மாட்டேன். ஆனால் காருக்குள் அக்காவின் பின்கழுத்து சிவந்து போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். எனக்கும் இரணியலில் மாப்பிள்ளை முடிவானதும் அந்த நினைப்பு சோற்றையும் இறங்கவிடவில்லை. கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்தபோது மைனியிடம் மட்டும் சொன்னேன், எனக்கு அந்த அட்டியல் வேண்டாம் என்று.

"வெறுங்கழுத்தாப் போவியா?"

"போவேன்."

மைனி கையிலிருந்த சேலையை முழுக்கப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டாள். பிறகுதான் பேசினாள். "நான் போனேன் பிள்ளே. நீ போகாண்டாம்." உள்ளே போனாள். சற்று நேரத்தில் அந்த மழைச்சத்தம் கேட்டது.

பனிப்பூ என்ற எண்ணம் ஒரு வாழ்த்து அட்டையிலிருந்து வந்தது. அண்ணன் நெய்யூர் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்தான். முந்தின கிறிஸ்துமஸுக்கு ஒரு வெள்ளைக்கார நர்ஸம்மா கொடுத்த அட்டை அம்மாவின் ஜெபப் புத்தகத்துக்குள் இருந்தது. நீலத்தின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூக்கள். அவர்கள் ஊரில் வானத்திலிருந்து விழும் பனியைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் இப்படித்தான் இருக்குமாம். நாங்கள் கண்ட பனி, மார்கழியில் வைக்கோல் போரை நனைக்கிற பனி ஒன்றுதான். அதில் பூவும் இல்லை, காயும் இல்லை. ஆனால் மைனிக்கு அந்த அட்டையை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை. மாங்காய், முல்லை மொட்டு என்று செய்தால் தங்கத்தில் செய்ததோடு ஒப்பிட்டுக் குறை சொல்வார்கள். பனிப்பூவை எந்தத் தட்டானும் செய்ததில்லை, ஒப்பிட்டுப் பார்க்க யாரிடமும் ஒன்று கிடையாது. அதுதான் அவள் போட்ட கணக்கு.

அட்டையிலிருந்த பூவுக்கு எட்டு முனை. மைனி மத்தியானச் சோறு முடிந்ததும் பின்கட்டில், பலாமர நிழலில், மடியில் வெள்ளைத் துணியை விரித்து உட்காருவாள். இடக்கைக்காரி. அவளுக்குத் தையல் சொல்லிக் கொடுத்த ஆசிரியை நெய்யாற்றின்கரைக்காரி என்பதால், மணி எண்ணும்போது மட்டும் மலையாளத்தில்தான் எண்ணுவாள். ஒந்நு, ரண்டு, மூந்நு என்று முணுமுணுத்துக்கொண்டே நடுவில் ஒரு மணியை வைத்து, அதைச் சுற்றி எட்டு மணியை வளையமாகக் கோத்து, வளையத்திலிருந்து எட்டு முனை இழுப்பாள். மூன்று நாள் முயன்றாள். நடுமணி விழப்போகிற பல்லைப் போல ஆடியது. இறுக்கிக் கட்டினால் பூ முழுவதும் ஈரப் பப்படம் போல நெளிந்து தூக்கிக்கொண்டது. கழுத்தில் வைத்துப் பார்த்தோம், படுக்கவே இல்லை.

மணியெல்லாம் ஒரே அளவாக இல்லாததுதான் காரணம் என்று மைனிக்குத் தோன்றியது. அளவு பிரிக்கச் சுளகில் போட்டுக் கொழித்தாள். போர்டிங்கில் வளர்ந்தவளுக்குச் சுளகு வசப்படவில்லை. மணி நாலாபக்கமும் தெறித்தது. அதுவரை அம்மா இந்த வேலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. திருவிழாக் கடையில் பாசி வாங்கிப் போட்டு மகளை இறக்கிவிட்டார்கள் என்று ஊர் சொல்லுமே என்ற பயம் அவளுக்கு. பெரியம்மையிடம் என்ன பதில் சொல்வது என்ற பயம் அதைவிடப் பெரிது. ஆனால் சுளகை ஒருத்தி தப்பாகப் பிடிப்பதை அம்மாவால் எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? "இஞ்ச தா" என்று பிடுங்கினாள். அரிசியில் கல் பிரிப்பது போல இரண்டு தட்டு, ஒரு சுழற்று. கடுகு மணி ஒரு ஓரம், மிளகு மணி ஒரு ஓரம், குழல் மணி நுனியில் வரிசையாக வந்து நின்றன. உடைந்த மணிகள் தனியே ஒதுங்கின. தான் செய்ததைத் தானே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாளைக்கும் கூப்பிடு" என்று சொல்லிப் போனாள்.

அளவு பிரித்த மணிகளை மைனி துணியில் பரப்பி விரலால் சும்மா ஒதுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு மணியைச் சுற்றி மற்ற மணிகளை நெருக்கித் தள்ளினாள். ஆறு மணி வந்து இடுக்கில்லாமல் உட்கார்ந்தது. ஏழாவது மணிக்கு இடமில்லை. ஒன்றை எடுத்தால் சந்து விழுந்தது. கலைத்துவிட்டு மறுபடி தள்ளினாள், மறுபடியும் ஆறு. மிளகு மணியிலும் ஆறு, கடுகு மணியிலும் ஆறு. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு ஆறு முனை வைத்துக் கோத்தாள். அன்று சாயங்காலமே முதல் பூ தட்டையாக, அசையாமல், உள்ளங்கையில் படுத்தது. அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "அட்டையில எட்டுல்லா இருக்கு" என்றான்.

"வரைஞ்ச ஆளுக்கு எண்ணும்போ தெத்தியிருக்கும்" என்றாள் மைனி, தவறியிருக்கும் என்ற அர்த்தத்தில். "மணிக்குத் தெத்தாது."

இந்த இடத்தில் பிந்தி நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். பல வருஷம் கழித்து என் மகளின் விஞ்ஞானப் பாடப் புத்தகத்தில் பனிப்படிகம் என்று ஒரு படம் கண்டேன். ஆறு முனை. பனித்துகள் எப்போதும் ஆறாகத்தான் விளையும் என்று கீழே எழுதியிருந்தது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி மைனியிடம் போய் வாசித்துக் காட்டினேன். மைனி பலாச்சக்கையின் கொட்டையைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். "பின்ன எத்தனை இருக்கும்?" என்று கேட்டுவிட்டு அடுத்த கொட்டையை எடுத்தாள்.

கார்த்திகை முடிவதற்குள் பன்னிரண்டு பூக்கள் சேர்ந்தன. நகைக்கு முன்னால் ஊர் கண்ணுக்குப் பழகட்டும் என்று, அவற்றைக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஆலயத்தில் நட்ட சவுக்குக் கிளையில் தொங்கவிட மைனி கேட்டாள். சபை ஐயர் சம்மதித்தார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்பது வழக்கம். அதுவரை கலர்க் காகிதமும் பஞ்சும் மட்டும் கண்ட அந்தக் கிளையில் பன்னிரண்டு பனிப்பூக்கள் சுழன்றன. ஒவ்வொன்றும் கதவு வழியாக வந்த காற்றுக்குத் திரும்பும்போது ஒரு வெளிச்சத்தைச் சுவரில் எறிந்தது. பிள்ளைகள் பிரசங்கத்தைக் கேட்கவில்லை. பெரியவர்களும் கேட்டார்களா என்று எனக்குச் சந்தேகம். என் மனம் பாட்டே பாடியது. ஐயர் எல்லாரையும் எழுப்பி ஜெபம் தொடங்கினார். பாதி ஜெபத்தில் ஒரு பூ அறுந்தது. முதலில் ஒரு மணி சிமெண்டுத் தரையில் விழுந்து துள்ளி உருண்டது. பிறகு எல்லாமாகக் கொட்டின. அந்த அமைதியில் அது எத்தனை நேரம் உருண்டது என்று எனக்குத்தான் தெரியும். ஒரு பையன் சிரித்தான். ஐயர் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

வெளியே வந்ததும் பெரியம்மை காத்து நின்றாள். சத்தம் போடவில்லை. பத்துப் பேருக்கு மட்டும் கேட்கிற குரல் அவளுக்கு உண்டு. "தாலி கெட்டும்போ இப்பிடிச் சிதறினா மாப்பிள்ளை தாலி கெட்டுவாரா, மணி பெறுக்குவாரா?" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். அம்மாவின் கையைப் பிடித்து, அட்டியலைப் புளி போட்டுத் துலக்கி வைத்திருப்பதாகச் சொன்னாள். அம்மா தலையாட்டினாள். அன்றைக்கு மைனியைத் தவிர என் பக்கம் என்று வீட்டில் யாரும் இல்லை. கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வாசிக்க வேண்டிய கல்யாண அறிக்கைக்கு எங்கள் பெயரை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. என் கழுத்தில் என்ன கிடக்கப் போகிறது என்பது மட்டும் மறுபடி பெரியம்மையின் மடிக்குப் போய்விட்டது.

மைனி அழுவாள் என்று நினைத்தேன். அவள் அறுந்த நூலை எடுத்து விரல் நுனியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இற்றுப்போன நூல் என்றால் நுனி பிரிந்திருக்கும். இது கத்தி வைத்ததுபோல இருந்தது. குழல் மணியின் வாயை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கண்ணாடி விளிம்பு கூர்மையாக இருந்தது. பூ காற்றில் சுழலச் சுழல, மணியே நூலை அறுத்திருக்கிறது. இரட்டை நூல் போட்டாலும் அறுக்கும். செம்புக் கம்பியில் கோத்துப் பார்த்தாள், நாலு நாளில் வேர்வை பட்டுப் பச்சை பிடித்தது. தை மாதம் பிறந்துவிட்டது. பெரியம்மை சொன்னது சரிதானோ என்று எனக்கே தோன்றத் தொடங்கியபோதுதான் முட்டத்து அக்கா வந்தாள்.

முட்டத்திலிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டுவருகிறவள் அவள். வாரம் மூன்று நாள் எங்கள் பின்கட்டில்தான் கூடையை இறக்கி, தண்ணீர் குடித்து, ஊர்க்கதை சொல்லிப் போவாள். மைனி மடியில் மணியும் அறுந்த நூலுமாக இருந்ததைப் பார்த்து விஷயத்தைக் கேட்டாள். கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இதுக்கா மக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருக்க? எங்க வீட்டாளுக்க தூண்டில்ல கெடக்கு உனக்க நூலு" என்றாள். அடுத்த நடையில் கொண்டுவந்தாள். தூண்டிலில் கட்டுகிற தங்கூசி. கண்ணாடி போல நிறமே இல்லாத, விறைப்பான இழை. மணியில் கோத்தால் நூல் இருப்பதே தெரியவில்லை. நுனியைச் சாய்த்து வெட்டிவிட்டால் ஊசியும் வேண்டாம். ஒரே ஒரு சங்கடம், முடிச்சு நிற்காமல் வழுக்கியது. அதற்கும் அவளிடம் வழி இருந்தது. மூன்று சுற்று, உள்ளே ஒரு நுழை, எச்சில் தொட்டு இழு. மீன் நாற்றமடிக்கிற விரல்களால் அவள் போட்டுக் காட்ட, மைனி இடக்கையால் தலைகீழாகப் போட்டுப் பழகினாள். தையல் ஆசிரியை மட்டும் பார்த்திருந்தால் எச்சில் தொட்டதற்கு அடித்திருப்பாள் என்று மைனி சொன்னாள்.

அறுந்தது போக மிச்சமிருந்த பதினொரு பூவையும் பிரித்து, எல்லா மணிகளையும் மறுபடி கோத்தாள். நடுவில் ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிதாக ஒரு பனிப்பூ, ஆறு முனையிலும் குழல் மணி, நுனியில் ஒரு நீலம். இரு பக்கமும் மும்மூன்று சிறிய பூக்கள், போகப் போகச் சின்னதாக. காதுக்கு இரண்டு, கொண்டைக்கு ஒன்று. அம்மா பெரியம்மைக்குப் பயந்துகொண்டே தினமும் மணி கொழித்துக் கொடுத்தாள். முடிந்த அன்று மைனி மாலையைப் பலாக் கிளையில் மாட்டி, அதில் ஒரு செம்புத் தண்ணீரைத் தொங்கவிட்டாள். மத்தியானம் முழுவதும் தொங்கியது. செம்பை இறக்கி, அந்தத் தண்ணீரை எனக்கே குடிக்கக் கொடுத்தாள்.

கல்யாணத்தன்று காலையில் பெரியம்மை முதல் ஆளாக வந்தாள். நான் வெள்ளைப் பட்டுடுத்தி நாற்காலியில் இருந்தேன். மாலை ஏற்கெனவே என் கழுத்தில் இருந்தது. மைனி கொண்டைக்குப் பூச்சுற்றிக்கொண்டிருந்தாள். அறை நிறையப் பெண்கள். முட்டத்து அக்கா கல்யாணத்துக்கென்று சலவைச் சேலை உடுத்தி நடைக்கு வெளியே நின்றாள். பெரியம்மை மடியிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவிழ்த்தாள். "திரும்பு பிள்ளே. கழுத்தைக் காட்டு" என்றாள். அம்மா என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். மைனியின் கை என் தலைமேல் நின்றது. அவள் எனக்காகப் பேசிவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் பேசவில்லை. இது நான் பேசவேண்டிய இடம் என்று அந்தக் கையின் கனத்திலிருந்து தெரிந்தது.

"வேண்டாம் பெரியம்மை" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எனக்கு மைனி செஞ்சது போதும்."

வாயில்லாப் பூச்சி பேசிவிட்டது. பெரியம்மை என் அருகே வந்தாள். கோபமா, நிஜமான கவலையா, இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. கோயிலில் சிதறினால் குடும்பத்துக்கே அவமானம் என்றாள். சொல்லிக்கொண்டே மாலைக்குள் இரண்டு விரலை விட்டுப் பிடித்து, பலமாக ஒரு இழுப்பு இழுத்தாள். நான் நாற்காலியோடு முன்னால் சாய்ந்தேன். கழுத்தில் சிவப்பாகக் கோடு விழுந்தது. மணி ஒன்றுகூட அசையவில்லை. மறுபடி இழுத்தாள். அதே கதைதான். குனிந்து, கண்ணைச் சுருக்கி, நூலைத் தேடினாள்.

"இது எதுலட்டி கோத்தது?"

நடைக்கு வெளியேயிருந்து முட்டத்து அக்கா பதில் சொன்னாள். "மீன் பிடிக்க தங்கூசி அம்மோ. பாரை மீன் இழுத்தாலே அறாது. நீங்க இழுத்தா அறுமா?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அம்மாதான் முதலில் சிரித்தாள். அம்மா பெரியம்மைக்கு முன்னால் சிரித்து நான் கண்டது அன்றுதான். பெரியம்மை கையில் அட்டியலோடு நடு அறையில் நின்றாள். அந்த ஒரு கணம் எனக்கு அவள்மேல் பாவமாக இருந்தது. பிள்ளையில்லாத அவளுக்குக் குடும்பத்துக் கல்யாணங்களில் இருந்த இடமெல்லாம் அந்தக் கைக்குட்டைதான். மைனி என் கொண்டையை விட்டுவிட்டு அவளிடம் போனாள். அட்டியலைக் கையிலிருந்து மெல்ல வாங்கினாள். "நீங்க போடுங்க பெரியம்மை. இத்தனை கல்யாணத்துக்கு இது வந்திருக்கு. உங்க கழுத்துல கெடந்து ஒருநாளும் நாங்க கண்டதில்லை" என்றாள். பெரியம்மை என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மைனி பின்னால் போய்த் திருகைப் பூட்டிவிட்டாள். அம்மா கண்ணாடியைக் கொண்டுவந்து பிடித்தாள். பெரியம்மை நெடுநேரம் பார்த்தாள். தன் அட்டியலைத் தன் கழுத்தில் கண்டு எத்தனை வருஷமோ. பிறகு முந்தானையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, நேரமாச்சு, புறப்படுங்கள் என்று எல்லாரையும் விரட்டினாள்.

அப்பாவின் கையைப் பிடித்து ஆலயத்துக்குள் நடந்தேன். பத்து மணி வெயில் தெற்குச் சன்னல்கள் வழியாகச் சரிந்து விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சன்னலைக் கடக்கும்போதும் என் கழுத்தடியில் ஒரு கூட்டம் வெளிச்சம் எழுந்து, எதிரே இருந்தவர்களின் முகங்களில் ஓடியது. எப்போதும் தரையைப் பார்த்தே நடக்கிறவள், அன்று நிமிர்ந்து நடந்தேன். வைரமா என்று யாரோ கேட்டதும், வைரம் இத்தனை பெரிதாக வருமா என்று வேறு யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. இரண்டாவது வரிசையில் பெரியம்மை சிவப்புக் கல் மின்ன, கழுத்தைத் திருப்பாமல் ராணி போல உட்கார்ந்திருந்தாள். பெண்கள் அவளையும் பார்த்தார்கள், என்னையும் பார்த்தார்கள். மைனி பின்வரிசையில் இருந்தாள். ஆலயத்தில் இருந்த பெண்களில் அவள் கழுத்து ஒன்றுதான் தாலி தவிர வெறுமையாக இருந்தது. அதை அவளும் கவனிக்கவில்லை, யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் விரல் நடுப்பூவில் தட்டியது. இது என்ன பூ என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பனிப்பூ என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

சாயங்காலம் காரில் ஏறினேன். கதவு வழியாக யார் கையும் உள்ளே வரவில்லை. பெரியம்மை பக்கத்தில் வந்து என் சேலைத் தலைப்பு கதவில் மாட்டாமல் ஒதுக்கிவிட்டாள். அவ்வளவுதான்.

இரணியல் வீட்டில் வெளிச்சம் போவதற்குள் போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளையின் அம்மாவான மாமி என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய்ப் பாயில் உட்காரவைத்துப் பால் கொடுத்தார்கள். பிறகு என் எதிரே உட்கார்ந்து கழுத்தைப் பார்த்தார்கள். இரவல் நகை வழக்கம் தெரியாத ஊர் எங்கள் பக்கத்தில் கிடையாது. "இதை நாளைக்கு ஆருக்குத் திருப்பிக் குடுக்கணும் மக்கா?" என்று கேட்டார்கள். குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார்கள். என் அக்கா பதில் சொல்ல முடியாத கேள்வி அது.

"ஆருக்கும் குடுக்காண்டாம் மாமி. இது எனக்குள்ளது. எனக்க மைனி எனக்குண்ணு செஞ்சது."

மாமி நடுப்பூவை விரலில் தூக்கி, திருப்பி, முனைகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். முடிச்சு எங்கே என்று தேடிப் பார்த்தார்கள், அகப்படவில்லை. "கைகாரிதான்" என்றார்கள். பிறகு பூவை என் கழுத்துக்குழியில் நேராகப் படுக்கவைத்து, "அப்ப எதுக்குக் கழத்தணும்? கெடக்கட்டு" என்றார்கள்.

மறுநாள் பதினொரு மணி பஸ்ஸில் மறுவீட்டுக்குப் புறப்பட்டோம். திங்கள்சந்தை அருகே டயர் பஞ்சராகி, ஒரு மணி நேரம் புளியமரத்தடியில் நின்றோம். பனிப்பூ என் கழுத்திலேயே கிடந்தது.